காகிதங்களின் நாடகம்: ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தில் எத்தனை காகிதங்கள் கைமாறுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யார் எத்தனை ஞாயிறு தேவாலயத்துக்கு வந்தார் என்று பாரிஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கும் பதிவேடு. அதன்படி நாடகத்தின் நாயகனான உழவன் ஜான் ப்ராக்டர் வந்தது 17 மாதத்தில் 26 முறை. எழுத்தர் சீவர் ஒரே இரவில் சுமந்து வரும் 16 கைதாணைகள். சிறைப்பட்ட பெண்கள் நல்லவர்கள் என்று ஊரார் 91 பேர் ஒப்பமிட்டுத் தந்த மனு. வேலைக்காரப் பெண் மேரி வாரனின் வாக்குமூலம். ஹேல் பாதிரியார் கையொப்பமிட்ட 72 மரண ஆணைகள். கடைசியில் ப்ராக்டர் முன்னால் நீட்டப்படும் ஒற்றைத் தாள். பிசாசு, பறவை, மாயக் குளிர் என்று மேடையில் எவ்வளவு அலறல் எழுந்தாலும் கதையை ஒவ்வோர் அடியாக நகர்த்துவது இந்தக் காகிதங்கள்தான். பழைய காலத்தை வைத்து இன்றைய அரசியல் வேட்டையை எப்படி விமர்சிப்பது என்று யோசிக்கும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுவே.

கதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலத்தில், 1692-இல். சில சிறுமிகளுக்கு இழுப்பும் அலறலும் வர, சூனியம் என்று பேச்சுக் கிளம்பியது. அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரை வாய் திறக்க வைக்க மார்பில் கல் ஏற்றினார்கள், அதிலேயே இறந்தார். அந்த ஆண்டின் மிக விசித்திரமான உண்மை ஒன்றைத்தான் மில்லர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்: ‘ஆம், நான் சூனியக்காரி’ என்று ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். ‘இல்லை’ என்று உறுதியாக நின்றவர்கள் கயிற்றுக்குப் போனார்கள்.

இதை 1952-இல் நீதிமன்ற ஆவணங்களில் படித்த மில்லருக்கு அது பழங்கதையாகத் தெரிந்திருக்க வழியில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அப்போது நடிகர்களையும் எழுத்தாளர்களையும் வரிசையாக அழைத்துக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்பது முதல் கேள்வி. உன்னோடு யார் யார் இருந்தார்கள் என்பது அடுத்தது. பெயர்களில் பெரும்பகுதி குழுவிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் வந்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை உண்டு, சொல்லாவிட்டால் கறுப்புப் பட்டியல். மில்லரின் நாடகங்களை இயக்கிய நண்பர் எலியா கசான் 1952 ஏப்ரலில் பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். நாடகம் 1953 ஜனவரி 22-இல் நியூயார்க்கில் அரங்கேறியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனெனில் நாடகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதில் சறுக்குகிறார்கள். கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பெயர்போன ஜோசப் மெக்கார்த்தியின் குழு அது என்று எண்ணிவிடுகிறார்கள். அவரோ மேல்சபையான செனட்டின் உறுப்பினர். மேலே சொன்ன குழுவோ கீழ்ச்சபையினுடையது. 1938 முதல் இருந்து வந்தது. மெக்கார்த்தி 1950 பிப்ரவரியில் வீலிங் நகரில் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் கையில் இருப்பதாகப் பேசிப் புகழ்பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் முன்பே, 1947-இல், ஹாலிவுட் விசாரணைகள் தொடங்கிவிட்டன. ஆகவே நாடகத்தில் விசாரணையை நடத்தும் டான்ஃபோர்த் நீதிபதி மெக்கார்த்தியின் வேடம் என்று எண்ணி வாசித்தால் பாத்திரம் கையில் அகப்படாது. டான்ஃபோர்த் கூச்சலிடுபவர் அல்லர். நிதானமானவர், படித்தவர், சட்டம் தெரிந்தவர், தன் நேர்மையில் ஐயமே இல்லாதவர். ஒரு தனிமனிதனைக் கேலி செய்ய எழுதியிருந்தால் அந்த மனிதரோடு நாடகமும் போயிருக்கும். செனட் 1954 டிசம்பரில் மெக்கார்த்தியைக் கண்டித்த பிறகு அவர் பெயர் மங்கியது, நாடகம் மங்கவில்லை.

நான்கு அங்கம், 21 பாத்திரம்: 11 ஆண், 10 பெண். முதல் அங்கம் பாரிஸ் வீட்டு மாடி அறை. சிறுமிகள் இரவில் காட்டில் ஆடியது வெளியே தெரிந்துவிட்டது. தண்டனைக்குப் பயந்து ஒரு பொய் பிறக்கிறது. முதல் வாசிப்பில் இந்த அங்கம் சற்றுப் பாரமாக இருக்கும். ஒரே அறைக்குள் பெயர்கள் அடுத்தடுத்து வந்து விழும். யாருக்கு யாரோடு நிலத் தகராறு, மர வெட்டுத் தகராறு, பாதிரியாருக்கு விறகு கொடுப்பதில் என்ன சண்டை என்பதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது. பிற்பாடு சிறைக்குப் போகிறவர் பெயர்களில் சில இந்தச் சில்லறைச் சண்டைகளுக்குள்ளேயே முன்கூட்டி வந்துவிடும். தாமஸ் புட்னம் பக்கத்து நிலத்துக்காரன் மேல் மகளை விட்டுக் குற்றம் சாட்ட வைத்தார் என்று மூன்றாம் அங்கத்தில் கோரி சொல்வார். பறிமுதலாகும் நிலத்தை விலைக்கு வாங்கும் வசதி அவருக்குத்தான் உண்டு என்பார். சொன்னது யார் என்று நீதிபதி கேட்பார். அந்தப் பெயரைத் தர மறுப்பார் கோரி. ஒரு நல்ல மனிதனின் பெயரைக் காப்பதே நீதிமன்ற அவமதிப்பாகிவிடும். 1953-இல் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்பட்டிருக்காது.

அச்சுப் பிரதியில் முதல் அங்கத்தின் நடுவே நீண்ட உரைநடைக் குறிப்புகள் வரும். பாரிஸ் யார், புட்னம் யார், ஹேல் வந்து நிற்கும்போது மில்லரின் மனதில் ஓடும் இருபதாம் நூற்றாண்டு என்ன என்பதை அவை பேசும். மேடையில் பெரும்பாலும் இவை சொல்லப்படுவதில்லை. முதல் தடவை படிக்கும்போது இவற்றைத் தாண்டிப் போங்கள், வசனத்தின் ஓட்டம் அறுபடாது. இரண்டாம் முறை நின்று படியுங்கள். தன் எதிரியைப் பிசாசின் கட்சியில் சேர்த்துவிட்டால் அரசியல் கருத்து வேறுபாடு தார்மீகக் குற்றமாக மாறிவிடும், பிறகு எந்தக் கொடுமைக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்று ஹேல் பற்றிய குறிப்பில் மில்லர் வாதிடுகிறார். கம்யூனிஸ்ட் நாடுகளும் முதலாளித்துவ நாடுகளும் இதையே செய்வதாக இரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறார். நாடகத்துக்குள் ஒரு சொல்கூட 1950-களைப் பற்றி இல்லை. குறிப்பில் மட்டும் உண்டு. இந்தப் பிரிவினை சரியானது. வசனத்தில் நிகழ்காலத்தைத் தொட்டிருந்தால் பார்வையாளர் உடனே விடுகதைக்கு விடை தேடத் தொடங்கிவிடுவார்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களை ஆரம்பத்தில் தடுக்கும் விஷயம் மொழி. ‘கூடி ப்ராக்டர்’, ‘கூடி நர்ஸ்’ என்று வரும் ‘கூடி’ பெயரல்ல. மணமான குடும்பப் பெண்ணை அழைக்கும் ‘குட்வைஃப்’ என்பதன் சுருக்கம். வினைச்சொற்கள் இலக்கணத்துக்கு மாறாக நிற்கும். இவை அச்சுப் பிழைகள் அல்ல. பழைய நீதிமன்றப் பதிவுகளின் பேச்சிலிருந்து மில்லர் தானே கட்டிக்கொண்ட மொழி அது. தமிழில் இதைச் செய்ய நினைப்பவருக்குச் செந்தமிழ் பெரிய ஆபத்து, உழவர்கள் மன்னர்களாகிவிடுவார்கள். பழைய விவிலியத் தமிழின் ‘நீர்’, ‘உம்முடைய’ என்பவற்றை நீதிமன்றத்துக்கும் ஜெபத்துக்கும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் சாதாரணப் பேச்சை விட்டால் இரண்டுக்கும் இடையே உள்ள அதிகார தூரம் காதிலேயே கேட்கும்.

இரண்டாம் அங்கம் ப்ராக்டர் வீடு. கணவன் மனைவிக்கு இடையில் ஆறிப்போன கஞ்சிபோல் ஒரு மௌனம். முன்பு வீட்டு வேலைக்கு இருந்த, இப்போது குற்றம் சாட்டும் சிறுமிகளுக்குத் தலைவியான அபிகெயிலோடு கணவனுக்கு உறவு இருந்தது எலிசபெத்துக்குத் தெரியும். ஹேல் வந்து பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொல்வார். ஒன்பதைச் சொல்லிவிடுவான் ப்ராக்டர். விட்டுப்போன ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்பதை மனைவி மெல்ல எடுத்துக் கொடுப்பாள். இந்த இடத்தில் சில நேரம் அரங்கில் சிரிப்பு எழும். நடிகர் அந்தச் சிரிப்பை விரும்பி வாங்கினால் காட்சி கெட்டது. வந்திருப்பவர் வீட்டைச் சோதிக்க வந்திருக்கிறார், அரை நிமிடத் தடுமாற்றமும் சாட்சியம் ஆகும் என்பது எலிசபெத்தின் முகத்தில் தெரிய வேண்டும். சற்று நேரத்தில், எலிசபெத் சூனியம் வைத்ததற்குச் சான்றாக, துணிப் பொம்மையும் அதன் வயிற்றில் செருகிய ஊசியும் வரும். அவளைச் சங்கிலியில் கொண்டுபோவார்கள்.

மூன்றாம் அங்கத்துக்காகத்தான் இந்தப் பிரதியை வாங்க வேண்டும். அரசியல் நாடகம் எழுதுகிற எவரும் வரி வரியாகப் பிரித்துப் பார்க்கத் தக்க கட்டுமானம் அது. முதலில் 91 பேரின் மனு. இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்துத்தான், சிறைப்பட்ட ரெபெக்காவின் கணவர் பிரான்சிஸ் நர்ஸ் ஒப்பம் வாங்கியிருக்கிறார். டான்ஃபோர்த் வாங்கிப் படிக்கிறார். அத்தனை பேரையும் விசாரணைக்குப் பிடித்து வர ஆணை போடுகிறார். ஆதரவுக் கையொப்பம் அந்த நொடியில் குற்றப்பட்டியலாகிறது. அடுத்து அவரது சட்ட வாதம், அதுவும் குரல் உயராமல் வருகிறது: சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம், அதைச் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் தவிர வேறு சாட்சி இருக்க முடியாது, செய்தவர் சொல்லப்போவதில்லை, ஆகவே பாதிக்கப்பட்ட பிள்ளைகளை நம்புவதே வழி. ஒவ்வொரு படியும் நேராகத்தான் இருக்கிறது. முடிவில் எதிர்வாதத்துக்கு நிற்க இடமே இல்லாமல் போகிறது. நீதிமன்றத்தோடு இல்லாதவன் அதற்கு எதிரானவன்; நடுவில் பாதை இல்லை என்று அவரே அறிவிக்கிறார்.

பிறகுதான் அந்த அபாரமான பரிசோதனை. நாங்கள் நடித்தோம், பேய் எதையும் பார்க்கவில்லை என்று மேரி வாரன் சொல்கிறாள். அப்படியானால் இப்போது மயங்கி விழுந்து காட்டு என்கிறார்கள். அவளால் முடியவில்லை. ஏன் என்று கேட்டால், அன்று மற்றவர்கள் கத்தினார்கள், நீதிபதி அவர்களை நம்பியதுபோல் தெரிந்தது, எனக்கும் ஆவிகள் தெரிவதுபோல் இருந்தது, ஆனால் தெரியவில்லை என்று தடுமாறுகிறாள். கூட்டு வெறி எப்படி உண்டாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நாடக மேடையில் அரிது. அலறல் தானாக எழுவதில்லை. பக்கத்தில் இன்னொருத்தி அலற வேண்டும், எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி நம்ப வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மேரிக்கு மயக்கம் வருவதில்லை. மில்லர் இதைக் காட்டிய கையோடு, அபிகெயிலும் மற்ற பெண்களும் அதே அறையில் இரண்டையும் திரும்பக் கூட்டிச் சேர்ப்பதையும் காட்டுகிறார். கூரையில் மஞ்சள் பறவை இருக்கிறது என்பார்கள். மேரி பேசும் ஒவ்வொரு சொல்லையும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். தன் சொல்லே தனக்கு எதிராகத் திரும்பி வருவதைக் கேட்டுக் கேட்டு அவள் உடைந்து, ப்ராக்டரைப் பிசாசின் ஆள் என்று சுட்டிவிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தஞ்சம் புகுவாள்.

இதற்கு முன்னால் எலிசபெத் சொல்லும் ஒரே பொய் இருக்கிறது. பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று கணவன் நீதிமன்றத்தில் உறுதி சொல்லியிருக்கிறான். தன் மானத்தை விட்டு உறவையும் ஒப்புக்கொண்டுவிட்டான். அவன் ஒப்புக்கொண்டது தெரியாமல் உள்ளே வரும் அவள், உறவு உண்டா என்று கேட்டதும், அவன் பெயரைக் காக்க, ‘இல்லை’ என்கிறாள். உண்மை சொன்னவன் பொய்யனாகிறான்.

நான்காம் அங்கம் சிறை. உரிமையாளர் சிறைக்குப் போனதால் மாடுகள் தெருவில் அலைகின்றன, பயிர் வயலில் அழுகுகிறது. அபிகெயில் 31 பவுண்டைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். நீதிமன்றத்துக்கும் ஐயம் வந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே தூக்கிலிட்டவர்களை என்ன சொல்வது? இப்போது நிறுத்தினால் முன்பு செய்தது பிழை என்றாகும். அதனால்தான் ப்ராக்டரின் ஒப்புதல் வாக்குமூலம் அவர்களுக்கு அவ்வளவு தேவைப்படுகிறது. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும், தேவாலயக் கதவில் ஆணியடிக்க வேண்டும், வேறு யாரைப் பிசாசோடு பார்த்தான் என்றும் சொல்ல வேண்டும். என் பாவத்தை நான் சொல்வேன், அடுத்தவரை நான் தீர்ப்பிட மாட்டேன் என்பான் ப்ராக்டர். மூன்று ஆண்டு கழித்து, 1956 ஜூனில், மில்லரே அந்தக் குழுவின் முன் உட்கார்ந்தார். தன்னைப் பற்றிச் சொன்னார், பிறர் பெயர் சொல்ல மறுத்தார். 1957-இல் காங்கிரஸ் அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். 1958-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கும் முன், 1954-இல், இதே நாடகம் பிரஸ்ஸல்ஸில் அரங்கேறியபோது போய்ப் பார்க்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது.

நாடகத்தின் மேல் அன்றே ஒரு மறுப்பு எழுந்தது: சூனியக்காரிகள் இல்லை, கம்யூனிஸ்டுகளோ உண்மையில் இருந்தார்கள், ஒப்புமை பொருந்தாது. வலுவான மறுப்புதான். ஆனால் நாடகத்துக்குள் அதற்குப் பதில் இருக்கிறது. காட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று மில்லர் எழுதவில்லை. சிறுமிகள் ஆடினார்கள், அபிகெயில் எலிசபெத்தைக் கொல்ல மந்திரித்த ரத்தம் குடித்தாள், மாண்ட பிள்ளைகளோடு பேச வைக்கச் சொல்லி புட்னம் வீட்டம்மாவே பாரிஸ் வீட்டு அடிமைப்பெண் டிடுபாவிடம் தன் மகளை அனுப்பினாள். ஏதோ ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்கள் சாட்சிக் கூண்டில் பத்திரமாக நிற்க, எதுவும் செய்யாத ரெபெக்கா நர்ஸ் தூக்குக்குப் போகிறாள். குற்றம் எங்காவது இருக்கிறதா என்பதைவிட, ஒரு விசாரணை குற்றவாளியையும் நிரபராதியையும் பிரிக்கும் திறனை எப்படி இழக்கிறது என்பதே நாடகத்தின் பொருள்.

என்றாலும் குறை உண்டு, சிறிய குறையும் அல்ல. உண்மையான அபிகெயில் வில்லியம்ஸுக்கு அப்போது சுமார் 11 வயது. ப்ராக்டருக்கு 60 வயதை ஒட்டி. மில்லர் அவளை 17 ஆக்கி, அவனை முப்பதுகளின் நடுவுக்கு இறக்கி, இருவருக்கும் கள்ள உறவைக் கற்பித்தார். வயதை உயர்த்தியதையும் பாத்திரங்களைச் சேர்த்துக் குறைத்ததையும் அவரே முன்குறிப்பில் சொல்கிறார். ஆனால் விளைவு என்ன? நீதிபதிகளும் நிலவுடைமையாளர்களும் பாதிரியார்களும் சேர்ந்து கட்டிய ஒரு பேரழிவின் தொடக்கப்புள்ளி, கைவிடப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பழிவாங்கல் என்றாகிவிடுகிறது. மூன்றாம் அங்கம் நிறுவும் உண்மைக்கு இது நேர் எதிர். டிடுபாவும் முதல் அங்கத்திலும் நான்காம் அங்கத் தொடக்கத்திலும் தலைகாட்டுவதோடு சரி. முதலில் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட அடிமைப்பெண் அவள், அவளுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். 1692-இல் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்டௌட்டனின் பெயரே நாடகத்தில் இல்லை. ஆகவே வரலாறு தெரிந்துகொள்ள இதை வாங்காதீர்கள்.

மேடையேற்றுவோர் கவனத்துக்குச் சில. மில்லர் 2005-இல்தான் மறைந்தார், காப்புரிமை நடப்பில் உள்ளது. முழுவதோ பகுதியோ, மொழிபெயர்ப்போ, அனுமதி பெற்றாக வேண்டும். வெட்டாமல் நடத்தினால் இடைவேளையோடு மூன்று மணி நேரத்தை நெருங்கும். காட்டில் ப்ராக்டரும் அபிகெயிலும் சந்திக்கும் ஒரு கூடுதல் காட்சி பல பதிப்புகளில் பின்னிணைப்பாக இருக்கும். மில்லர் பிறகு எழுதிச் சேர்த்தது. அதை விட்டுவிடுங்கள், அபிகெயிலை மனநிலை பிறழ்ந்தவளாகக் காட்டி, ஊர் முழுவதன் பொறுப்பை இன்னும் குறைக்கிறது.

அதிகம் கெடுவது ஒலி அளவில். முதல் அங்க முடிவில் பெண்கள் பெயர்களைக் கூவும்போதே உச்சத்துக்குப் போய்விட்டால் மஞ்சள் பறவைக்கு ஏற எங்கும் இடமிராது. முதல் அங்கத்தில் ஒருத்தி தொடங்கி மற்றவள் தொற்றிக்கொள்ளும் தயக்கம் கேட்க வேண்டும். மூன்றாம் அங்கத்தில் தயக்கமின்றி ஒரே மூச்சாக வர வேண்டும். மேரியின் சொற்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியைத் தாளம் வைத்துப் பயிற்சி செய்யுங்கள்: அவள் சொல் முடிந்ததும் ஒரு மூச்சு இடைவெளி, பின் கூட்டுக் குரல், போகப் போக இடைவெளி குறைய வேண்டும். டான்ஃபோர்த்தை முதலிலேயே கொடியவராக நடிக்கவிட்டால் பார்வையாளர் நிம்மதியாகிவிடுவார்கள். இப்படிப்பட்டவன் நம் ஊரில் இல்லை என்று. அவர் கவனமாகக் கேட்கும் மனிதராக இருக்கட்டும். நீதிபதிகளுக்குக் கோட்டு மாட்டி, பின்திரையில் இன்றைய தலைவரின் படத்தைப் போடும் வேலையும் வேண்டாம். எந்த ஆட்சி என்பதைப் பார்ப்பவர் தானே நிரப்பிக்கொள்வார். சீனாவில் கலாச்சாரப் புரட்சிச் சிறையிலிருந்து மீண்ட நியென் செங் என்ற பெண்மணி, ஷாங்காய் மேடையில் இதைப் பார்த்துவிட்டு, சீனர் அல்லாத ஒருவர் எழுதியது என்று நம்ப முடியவில்லை என்றாராம். மில்லரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

திரையில் இரண்டு வடிவங்கள் குறிப்பிடத்தக்கவை. 1957-இல் வந்த பிரெஞ்சுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர். ஏழை பணக்காரர் மோதலாகக் கதை திரும்பியிருக்கும். 1996-இல் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கியதற்கு மில்லரே திரைக்கதை எழுதினார். பால் ஸ்கோஃபீல்டின் டான்ஃபோர்த்துக்காகவே பார்க்கலாம். மேலே சொன்ன நிதானம் எப்படி அச்சுறுத்தும் என்பது அவர் குரலில் இருக்கிறது. ஆனால் படம் காட்டில் நடந்த ஆட்டத்தைக் கண்ணால் காட்டியே தொடங்குகிறது. நாடகத்தில் நாம் அதைப் பார்ப்பதே இல்லை, கேள்விப்படுவதோடு சரி. ஊரார் கைக்கு என்ன கிடைத்ததோ அதுவே நம் கைக்கும் கிடைக்கிறது. ஆகையால் புத்தகம் முதலில், படம் பிறகு.

மேடைப் பொருள்களில் காசு செலவழிக்க வேண்டியது ஆடைகளில் அல்ல, காகிதத்தில். தடித்த, கிழியும்போது ஓசை எழும் தாளாக இருக்கட்டும். இரண்டாம் அங்கத்தில் ப்ராக்டர் கிழிக்கும் கைதாணைக்கும் கடைசியில் கிழித்துக் கசக்கும் வாக்குமூலத்துக்கும் ஒரே வகைத் தாளைப் பயன்படுத்துங்கள். முதலாவது கிழிந்தபின் காவலர் வேறு வழியில் தன் வேலையை முடித்துவிடுவார். இரண்டாவது கிழிந்தபின் டான்ஃபோர்த்துக்குச் செய்ய ஒன்றுமில்லை, தூக்கிலிடச் சொல்வதைத் தவிர. முரசு முழங்கி விளக்கு அணையும்வரை அந்தத் தாளை யாரும் குனிந்து எடுக்கக் கூடாது.